கத்திரிப்பூ நிறமான பையும் நான் போட்ட பழியும்

இதை எழுத நோட்டு வாங்கி வைத்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரிகூட ஓடவில்லை. எடுப்பேன், மூடுவேன், அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, இது ஒரு மூத்திரப் பையைப் பற்றிய விஷயம். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போய் எழுதுவதா என்று கூச்சம். இரண்டாவது காரணம்தான் பெரியது. இதில் தப்பு செய்தவன் நான். வேறு யாராவது செய்த தப்பாக இருந்தால் கை தானாக ஓடியிருக்கும்.

நான் எட்டாவது வரை படித்தவன். விழுப்புரத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை போடும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். ஒரே பெண், கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் என் சம்சாரமும்தான். பௌர்ணமி தவறாமல் திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருவேன். வெள்ளி செவ்வாய் சுத்தபத்தமாக இருப்பேன். அம்மன் நமக்குக் கெடுதல் வர விடமாட்டாள் என்று இருந்தவன்.

ஒரு மாசி மாசம், மாடியில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைக் கிளறிவிட்டு வரேன் என்று ஏறிப்போன என் சம்சாரம், கைப்பிடி இல்லாத படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மூத்திரம் தானாக வராது என்று டியூப் போட்டு, ஒரு பையை மாட்டிவிட்டார்கள். இனி காலத்துக்கும் இது இருக்கும், மாசம் ஒருதரம் வந்து டியூபை மாத்திக்கொண்டு போகணும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் நின்றுபோனது. வாய் நிற்கவில்லை. கட்டில் ஓரத்தில் தொங்குகிற பையைக் காட்டி, "ஊர்ல எல்லா பொம்பளைக்கும் ஹாண்ட்பேக் தோள்ல தொங்குது. எனக்குக் கட்டில்ல தொங்குது. அவ்ளோதான்" என்பாள். பார்க்க வந்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழிப்பார்கள். கொஞ்ச நாளில் வருகிறவர்களும் குறைந்தார்கள். அந்த அறையில் ஒரு வாடை இருக்கும். நான் எவ்வளவு கழுவினாலும், சாம்பிராணி போட்டாலும் போகாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலோடு நின்று "எப்படிக்கீறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

விடாமல் வந்தவள் ஒருத்திதான். என் கொழுந்தியா, என் சம்சாரத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. புருஷன் தவறிப்போய், திண்டிவனத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்துகொண்டு தனியாக இருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு லீவு. காலை பஸ் பிடித்து வந்துவிடுவாள். அக்காவைப் புரட்டிப்போட்டு, உடம்பு துடைத்து, தலை வாரி, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, ஒரு வாரத்துக்கான ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு சாயங்காலம் கிளம்புவாள். அந்த ஒருநாள்தான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"இன்னாடி, உங்க ஹாஸ்டல் பொண்ணுங்க உன் சாம்பார தின்னுட்டு இன்னும் உயிரோடதான் கீதுங்களா?"

"உன்ன மாதிரி படுத்துக்கினு சாப்புட்டா தெரியும்க்கா என் சாம்பாரு அருமை. அதுங்க ஓடிக்கினே தின்னுதுங்க."

"நான் ஓட ஆரம்பிச்சேன்னா மொதல்ல உன் சாம்பார்ல இருந்துதான் ஓடுவேன்."

நான் வெளியே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே போகமாட்டேன். போகாததற்குக் காரணம் இருந்தது. தெருவில் ஒரு பேச்சு முளைத்திருந்தது. புருஷன் இல்லாதவள் வாரா வாரம் வருகிறாளே, அக்காவுக்காகவா வருகிறாள் என்று. அது என் காதுக்கும் வந்தது. அவள் வந்தால் நான் வாசலிலேயே, நாலு பேர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பயம் எனக்குள்ளே கிடந்ததால்தான் பின்னால் நடந்தது நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அன்று ஆடி மாசம். கொழுந்தியா திண்டிவனத்தில் இருந்து நாவப்பழம் கொண்டுவந்தாள். கூடவே நாவக்கொட்டையை இடித்து ஒரு டப்பாவில் தூள். என் சம்சாரத்துக்கு சுகர் உண்டு. சுகருக்கு நல்லது என்று மோரில் கலந்து கொடுத்தாள். பழத்தை என் சம்சாரம் நாக்கு ஊதாவாகிற வரைக்கும் தின்றாள். நாக்கை நீட்டி என்னிடம் காட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்து பையைக் கொட்டப் போனேன். பை கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

கொஞ்சம் நஞ்சம் இல்லை. டியூபில் இருந்து பை அடி வரைக்கும் அதே நிறம். துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுவார்களே, அப்படி. ரத்தம் என்றால் சிவப்பாக இருக்கும். ஒரு மனுஷ உடம்பில் இருந்து இந்த நிறம் வருமா? அவள் கண்ணில் படாமல் பை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்றால் டியூப் மாத்த வேண்டிய மாசம் தாண்டி, அடுத்ததும் தாண்டியிருந்தது. அவளைத் தூக்கி ஆட்டோவில் வைக்க ரெண்டு ஆள் வேண்டும். யாரையும் கூப்பிட எனக்குக் கூச்சம். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். போனால் திட்டுவார்கள் என்ற பயம் வேறு.

அன்று மத்தியானம் எதிர்வீட்டம்மா உறைமோர் கேட்டு வந்தார்கள். வயசானவர்கள், தெருவில் அவர்கள் சொன்னால் மறுபேச்சு இல்லை. காற்றில் துண்டு நகர்ந்திருந்தது. பார்த்துவிட்டார்கள். என்னை வாசலுக்குக் கூட்டி வந்து மெதுவாகக் கேட்டார்கள்.

"சனிக்கெழம அவ தங்கச்சி இன்னா குடுத்தா?"

"நாவப்பழம். அப்புறம் மோர்ல ஏதோ தூளு."

"நீ பாத்தியா அது இன்னா தூளுன்னு?"

"சுகருக்குன்னு சொன்னாங்க."

"சொல்லுவா. இது மூத்திரம் இல்லப்பா. உள்ள போன மருந்து வெளிய வருது. எத்தினி பேரப் பாத்துக்கீறேன். அக்கா போனா இந்த வூட்ல வந்து குந்திக்கலாம்னு பாக்கறா. இதுகூடவா தெரியல உனக்கு?"

எங்கள் பக்கத்தில் இடுமருந்து என்று சொல்வார்கள். சோற்றிலோ மோரிலோ வைத்துக் கொடுத்து ஒருவரை வசியம் பண்ணுவது, இல்லாவிட்டால் ஒழித்துக்கட்டுவது. இதை எடுக்கிறதுக்கென்றே ஆட்கள் உண்டு. நான் இதையெல்லாம் பாதி நம்புவேன், பாதி நம்பமாட்டேன். அன்று முழுசாக நம்பினேன். நம்பினால் டியூப் மாத்தாத என் தப்பு எங்கேயோ போய்விடுகிறது இல்லையா?

அஞ்சு நாள் அந்தத் துண்டுக்கு அடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தேன். திருவக்கரையில் இருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அவளுக்குக் கொடுத்தேன். நிறம் போகவில்லை.

சனிக்கிழமை கொழுந்தியா வந்தாள். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்த காலோடு நிறுத்தினேன். அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் சூடம் ஏற்றி வைத்திருந்தேன். துண்டை எடுத்துப் பையைக் காட்டி, "இன்னா குடுத்த உங்க அக்காவுக்கு?" என்று கேட்டேன்.

அவள் பையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இன்னா மாமா இது? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போகலியா?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு. ஒண்ணும் வைக்கலன்னா சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணு."

எங்களிடம் அது வழக்கம். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. பொய் சத்தியம் என்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள். நிரபராதி யாரும் தயங்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவள் சூடத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"மாட்டேன் மாமா."

"ஏன்? பயமா?"

"ஆமா, பயம்தான். அக்கா இப்பிடி கெடக்கறப்ப நான் சூடத்த அணைச்சி, நாளைக்கு அக்காவுக்கு ஒண்ணுன்னா? அப்ப என் சத்தியம் பொய்யின்னு ஆயிடும். அக்காவ வெச்சி நான் சத்தியம் பண்ணமாட்டேன். என்னிய இன்னா வேணா நெனைச்சிக்கோங்க."

கட்டிலில் இருந்து என் சம்சாரம் கத்தினாள். "யோவ், உனக்குப் புத்தி கித்தி மாறிப்போச்சா? யாரப் பாத்து இன்னா கேக்கற? என் தங்கச்சிய்யா அவ!"

எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மாட்டேன் என்றாளே, அதுதான் ஏறியது. சூடம் தானாக எரிந்து அணைந்தது.

கொழுந்தியா அழவில்லை. "பையை மட்டும் கொட்டிட்டுப் போறேன்" என்றாள். பக்கெட் எடுத்து வந்து திறந்து விட்டாள். "மாமா, இத பாருங்க. பக்கெட்ல மஞ்சளாத்தான் கீது. பையில மட்டும்தான் அந்தக் கலரு. இங்க வந்து பாருங்க" என்றாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு என் சம்சாரம் என்னோடு பேசவில்லை. சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர்கூட ரெண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு குளிர் ஜுரம் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. அப்போதுதான் கூச்சத்தை விட்டுத் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கெஞ்சினேன். இரண்டு டிரைவர்கள் வந்து தூக்கி வைத்தார்கள். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு நர்சம்மா, என் மகள் வயசுதான் இருக்கும். துண்டை நீக்கிப் பையைப் பார்த்தாங்க. நான் பயந்த மாதிரி அவங்க முகம் மாறவே இல்லை.

"டியூப் எப்ப மாத்துனீங்க?"

"போன மாசங்க."

பழைய சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாங்க. என்னையும் பார்த்தாங்க. "மூணு மாசம் ஆகப்போவுது, ஐயா" என்று மட்டும் சொன்னாங்க. "வெளிக்கி சரியா போறாங்களா?"

"அஞ்சாறு நாளைக்கு ஒருதரங்க."

"அதான். வெளிக்கி கட்டிக்கினா, சாப்புடற சாப்பாட்டுல கீற ஒண்ணு வயித்துக்குள்ள மாறி, ரத்தத்துல கலந்து மூத்திரத்துல வரும். டியூப் ரொம்ப நாளு மாத்தாம இருந்தா அதுல கிருமி புடிச்சிக்கும். அந்தக் கிருமி இத நீலமாவும் சிவப்பாவும் மாத்திடுது. ரெண்டும் பை பிளாஸ்டிக்ல ஊறிக்கினா இந்தக் கலரு. டியூப் போட்டுப் படுத்துக்கீறவங்களுக்கு எப்பனா ஒருத்தருக்கு வரும். நானே ரெண்டு மூணு பாத்துக்கீறேன். கலரப் பாத்து பயப்பட வேணாம். ஆனா கிருமி கீதுன்னு அர்த்தம். இவங்களுக்கு ஜுரம் வேற. அதுக்கு ஊசி போடணும்."

நான் கேட்டேன். "நாவப்பழம் தின்னா வருமாங்க? இல்லன்னா மோர்ல நாவக்கொட்டைத் தூளு…"

அவங்களுக்கு சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லைங்க. யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று எப்படிச் சொல்வேன். கட்டிலில் படுத்திருந்த என் சம்சாரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு நாளாகப் பேசாதவள் அப்போது வாயைத் திறந்தாள். "கேட்டுக்கினியா?" என்றாள். அவ்வளவுதான்.

புது டியூப், புதுப் பை போட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். வயிறு இளக மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் பை சாதாரண நிறத்துக்கு வந்துவிட்டது, அவளுக்கு ஜுரமும் விட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாளே, ஓசூரில் இருந்து வந்த மகளை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். ஹாஸ்டல் வாசலில் கொழுந்தியா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "அக்கா எப்பிடிக்கீது மாமா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நர்சம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். "நான் பாவி, என்னிய மன்னிச்சிடும்மா" என்றேன். ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

"அக்கா பொழச்சிக்கிச்சி இல்ல, அது போதும்" என்றாள்.

"நீ இன்னா வாசலப் பெருக்கற? சமையலு?"

"சமையல்ல இருந்து எடுத்துட்டாங்க மாமா."

எதிர்வீட்டம்மாவின் மருமகளுக்கு ஊர் திண்டிவனம். பேச்சு எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டிருந்தது. விழுப்புரத்தில் நான் கேட்டது, உங்க அக்காவுக்கு என்ன கொடுத்தாய் என்பதுதான். அது திண்டிவனம் வந்து சேரும்போது, கூடப்பிறந்த அக்காவுக்கே விஷம் வைத்தவள் என்று ஆகியிருந்தது. ஹாஸ்டல் பொண்ணுகளின் வீட்டில் இருந்து வந்து கேட்டார்களாம். நிர்வாகம் பார்க்கிற அம்மா, வேலையை விட்டு நிறுத்தவில்லை, அடுப்படிக்குள் மட்டும் வராதே என்று சொல்லிவிட்டார்களாம்.

"வெங்காயம்கூட நறுக்கக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

நான் அந்த நிர்வாக அம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். அவர்கள் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல டியூப் மாத்துனது, மருந்து குடுத்ததுதான் எழுதிக்கீது. உங்க கொழுந்தியா ஒண்ணும் வைக்கலன்னு எங்க எழுதிக்கீது? நான் நம்பறேங்க. பொண்ணப் பெத்தவங்க நம்பணுமே" என்றார்கள். அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியவில்லை.

ஊருக்குத் திரும்பி எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நான்தான் தப்பாகச் சொன்னேன், அது கிருமியால் வந்த கலர், என் கொழுந்தியா மேல் ஒரு குத்தமும் இல்லை என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எதிர்வீட்டம்மா, "அப்பிடியா, போவட்டும், நல்லதாப் போச்சி" என்றார்கள். பத்து நாள் கழித்து அதுவும் மாறி வேறு மாதிரி என் காதுக்கு வந்தது. அவளைக் காப்பாற்ற நான் இப்படிச் சொல்கிறேனாம். எனக்கும் அவளுக்கும் ஏதோ இருக்கிறதாம். நான் எதைச் சொன்னாலும் நாலு வாய் தாண்டினால் அது வேறொன்றாகிவிடுகிறது.

கொழுந்தியா மறுபடி சனிக்கிழமை வர ஆரம்பித்தாள். ஆனால் பழைய மாதிரி இல்லை. அக்காவைத் துடைப்பாள், தலை வாருவாள். வாயில் வைக்கிற எதையும் தொடமாட்டாள். தாகம் என்று அக்கா கேட்டால், "மாமா, அக்காவுக்கு தண்ணி குடுங்க" என்று என்னைக் கூப்பிடுவாள். சொம்பு அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும்.

என் சம்சாரம் ஒருநாள் அழுதேவிட்டாள். "உன் கையால ஒரு வாய் குடுடி. நான் செத்தா சாவறேன். உன் கருமம் புடிச்ச சாம்பார ஊத்துடி."

"வேணாங்க்கா. உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என் பேர்தான் வரும்."

தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, அவள் கையால் நான் சோறு வாங்கித் தின்கிறேன் என்று சொல்லிப்பார்த்தேன். "நாலு பேருக்குக் காட்டறதுக்கு நான் சமைக்கணுமா மாமா? வுடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு டியூப் மாத்துகிற தேதியை நான் ஒருதரமும் தவறவிடவில்லை. அந்த நிறமும் திரும்பி வரவில்லை. என் சம்சாரம் இன்னும் ஒண்ணே முக்கால் வருஷம் இருந்தாள். கடைசியில் நெஞ்சு வலி வந்துதான் போனாள். வாய்க்கரிசி போடும்போது எல்லோரும் வரிசையில் வந்தார்கள். கொழுந்தியா அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றாள். கை வாய்வரைக்கும் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். அரிசியை என் மகள் கையில் போட்டுவிட்டு, "நீயே போடும்மா" என்று பின்னால் போய் நின்றுகொண்டாள். பிணத்துக்கு அரிசி போடக்கூட அவளைப் பயப்பட வைத்தவன் நான்.

இப்போது நான் ஒருத்தன்தான் இந்த வீட்டில். கொழுந்தியா இன்னும் அதே ஹாஸ்டலில் வாசல் பெருக்குகிறாள். இங்கே அவள் வருவதற்கு யாரும் இல்லை. நான் போய் வரலாம் என்றால் அதற்கும் ஒரு பேச்சு கிளம்பும். சாயங்காலம் விளக்கேற்றி அம்மன் முன்னால் உட்காருகிறேன். எனக்கென்று எதுவும் கேட்க வாய் வருவதில்லை. சூடம் மட்டும் ஏற்றுவதில்லை. திருவக்கரைக்குப் போனாலும் அந்தத் தட்டு வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். அம்மன் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாராவது டியூப் போட்டுப் படுத்திருக்கலாம். பையில் இந்த நிறம் வந்தால் துண்டு போட்டு மூடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிற வாயால், டியூப் மாத்தி எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சொந்தக்காரர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு சொல்கூடக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு என் தப்பைச் சின்னதாக்கவும் வேண்டாம். அந்த நிறம் கிருமியால் வந்தது, டியூப் மாத்தாமல் விட்டவன் புருஷன், தங்கச்சி கொடுத்தது வெறும் நாவக்கொட்டைத் தூள். இந்த மூன்றும் இதே மாதிரி போய்ச் சேர வேண்டும். வாயால் சொன்னால் மாறிவிடும் என்று பயமாக இருந்தால், இந்தத் தாளையே கையில் கொடுத்துவிடுங்கள்.